நியூட்ரலில் வந்த மாப்பிள்ளை

அரைகுறையாகப் படிப்பவனைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அவன் பாதியை மறந்துவிடுவான். ஒன்றை வரி விடாமல் படித்து மனப்பாடம் செய்துவிட்டு, அது தன்னிடம் இல்லாத ஒரு பொருளைப் பற்றிய பாடம் என்பதை மட்டும் மறந்துபோகிறவனைக் கண்டால்தான் தெருவை விட்டு ஓட வேண்டும். 2008 வாக்கில் காஞ்சிபுரத்தில் அப்படி ஒருவன் இருந்தான். இருபத்தைந்து வயது, முளைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் மீசை, சட்டைப் பையில் இரண்டு பேனா. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அது நான்தான்.

அப்போது ஒரகடம் பக்கம் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். கார்க் கதவில் பொருத்தும் ரப்பர் பட்டையைக் கையால் தடவிப் பார்த்து, பிசிறு இல்லையென்றால் முத்திரை குத்துவது என் வேலை. (வீட்டில் 'கார் இன்ஜினியர்' என்று சொல்லி வைத்திருந்தேன்.) மூன்று கை மாறிய ஒரு சின்ன வெள்ளைக் காரும் வாங்கியிருந்தேன். தெருவில் தறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்காத எங்கள் பக்கத்தில், அந்தக் கார் கிளம்பினால் நாலு வீட்டில் தறி நாடாவை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதித் தலைக்கனம் ஏறிவிட்டது.

மீதித் தலைக்கனத்தை ஏற்றியவன் கல்லூரியில் என்னோடு படித்து அமெரிக்கா போன ஒரு நண்பன். அங்கே ஹைப்ரிட் கார் வாங்கியிருப்பதாக மெயில் போட்டான். பெட்ரோல் இன்ஜின் ஒன்று, பேட்டரி மோட்டார் ஒன்று. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் தானாகவே அணைந்துவிடுமாம், கார் சத்தமில்லாமல் மிதந்துகொண்டே போகுமாம். அப்படி மிதக்கவிட்டே ஓட்டுவதற்கு ஒரு கலையே இருக்கிறது, அதற்கென்று ஒரு கூட்டமே இணையத்தில் எழுதித் தள்ளுகிறது என்று சொல்லியிருந்தான். நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அத்தனையையும் படித்தேன், பிரிண்ட் எடுத்துப் படித்தேன், ரப்பர் பட்டையைத் தடவிக்கொண்டே படித்தேன். ஹைப்ரிட் கார் இல்லையே என்ற சின்னக் குறை இருந்தது. சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தால் நம் காரும் ஹைப்ரிட்தானே என்று அந்தக் குறையையும் தீர்த்துக்கொண்டேன்.

முறை இதுதான். ஐம்பது வரை விரட்டு. நியூட்ரலில் போடு. சாவியைத் திருகி இன்ஜினை அணை. மிதந்து போ. வேகம் இருபதுக்கு இறங்கினால் சாவியைத் திருகு, கியரைப் போடு, கிளட்சை விடு. கார் ஒரு விக்கல் விக்கி உயிர் பெறும். மறுபடியும் விரட்டு. இப்படி விக்கி விக்கியே ஒரகடம் போய்வந்தேன்.

கலை முற்றியது. எடை குறைய வேண்டும் என்று ஸ்டெப்னி, ஜாக்கி, தரை விரிப்பு எல்லாவற்றையும் கழற்றி வீட்டுப் பரணில் போட்டேன். பெட்ரோலுக்கும் எடை உண்டு என்பதால் எப்போதும் கால் டேங்க்தான். கண்ணாடியை இறக்கினால் காற்று உள்ளே புகுந்து வண்டியை இழுக்கும் என்பதால் வைகாசி வெயிலிலும் கண்ணாடி ஏற்றியே இருக்கும். ஏசி போடுவது பாவம். பிரேக் பிடிப்பது மகா பாவம். பின்சக்கர பிரேக் லேசாக உரசுகிறது என்று சந்தேகப்பட்டு அதையும், கை பிரேக்கையும் சேர்த்து நானே ஸ்பேனர் பிடித்துத் தளர்த்திவிட்டேன். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அப்பா ஒருவர்தான் மயங்கவில்லை. நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர்.

"தறியில மிதிய வுட்டுக் கால எடுத்துட்டா சேல தானா ஓடுமாடா? காருன்னா மட்டும் இன்னா?" என்றார்.

"இது மொமென்டம்பா. உங்களுக்குப் புரியாது" என்றேன். (அப்பா இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பார். மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.)

இந்த நேரத்தில்தான் கோமதி அக்காவுக்குக் கல்யாணம் முடிவானது. நாலு வருஷம் அப்பா ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கைகூடும் கைகூடும் என்று நாலு இடம் நழுவிப்போய், கடைசியில் தென்னேரியில் அமைந்த இடம். மாப்பிள்ளை சேகர், பஸ் டிப்போவில் வேலை, அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு ஒரு பெரியப்பா இருந்தார், கன்னியப்பன் என்று பெயர். முன்பு இன்னொரு தம்பி மகனின் நிச்சயதார்த்தத்தில் தனக்கு முன்னால் வேறொருவருக்குக் காபி கொடுத்துவிட்டார்கள் என்று எழுந்து போனவர். அவர் எழுந்ததோடு அந்தச் சம்பந்தமும் எழுந்து போனது. எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளையைத் தென்னேரியிலிருந்து அழைத்து வர வாடகைக் கார் பேசலாம் என்றார் அப்பா. நான் விடவில்லை. மாப்பிள்ளையை உட்கார வைத்து, என் வாழ்நாள் மைலேஜைக் காட்டுவது என்று முடிவு செய்திருந்தேன்.

கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள். "டேய் குமாரு, அந்தப் பெரியவரு ஒரு மாதிரி. நீ ஒண்ணும் பண்ண வேணாம். புத்திசாலித்தனம் மட்டும் காட்டாம கூப்டுகினு வா, அது போதும்."

"கவலப்படாதக்கா" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பையனை ஓங்கி ஒன்று அறையலாம் போலிருக்கிறது.

தென்னேரியில் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வேனில் முன்னால் கிளம்பிவிட்டார்கள். காருக்கு மாப்பிள்ளை, பெரியப்பா, அப்புறம் ஒரு அம்மி.

ஆமாம், அம்மி. கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, குழவியோடு வாசலில் தயாராக இருந்தது. கிலோ கணக்கில் கழற்றி எறிந்து தவம் செய்த காரில் கருங்கல்லா?

"மண்டபத்துலயே அம்மி இருக்குதுங்க" என்றேன்.

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மண்டபத்து அம்மிய ஊரே மிதிச்சிருக்கும். எங்க வூட்டு மருமவளுங்க எல்லாம் இந்த அம்மியதான் மிதிச்சாங்க. மஞ்ச பூசிட்டா, அவ மிதிக்கிற வரிக்கும் வேற யாரு காலும் படக்கூடாது. மொதல்ல எவ மிதிக்கிறாளோ அவதான் இந்த வூட்டு மருமவ. தெரிஞ்சுதா?"

தெரிந்தது. ஆனாலும் கலையை விட முடியுமா? டிக்கியில் வைத்தால் பின்பக்கம் தாழ்ந்துவிடும், எடையைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று விளக்கி, அம்மியைப் பின்சீட்டின் இடதுபக்கத் தரையிலும் குழவியை முன்சீட்டில் பெரியப்பா மடியிலும் வைத்தேன். அம்மிமேல் கால் படக்கூடாதே என்று மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெரியப்பா குழவியைக் கைக்குழந்தை போலப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியை எல்லாம் ஏற்றினேன்.

முதல் விக்கல் வாலாஜாபாத்துக்கு முன்பே வந்தது. மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"மச்சான், வண்டி ஆஃப் ஆயிடுச்சா?"

"நான்தான் ஆஃப் பண்ணேன் மாமா" என்றேன், அந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் போல. அங்கே ஆரம்பித்த பிரசங்கம் ஐயம்பேட்டை வரை ஓயவில்லை. ஹைப்ரிட் என்றால் என்ன, மிதத்தல் என்றால் என்ன, பிரேக் பிடிப்பவன் எப்படிப் பெட்ரோலைச் சூடாக்கி ரோட்டில் கொட்டுகிறான், நம் ஊர் டிரைவர்கள், முக்கியமாக பஸ் டிரைவர்கள், எவ்வளவு மூடர்கள். மாப்பிள்ளை "அப்டியா?" "சரி" என்று கேட்டுக்கொண்டார். அவர் முகத்துப் பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியது. ஒவ்வொரு விக்கலுக்கும் பெரியப்பா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார், அவர் ஆட்டவில்லை, கார் ஆட்டியது.

"கண்ணாடிய எறக்குபா. மூச்சு முட்டுது" என்றார் பெரியப்பா.

"காத்து பூந்தா வண்டிய இழுக்குங்க."

"மாப்ளயே வெந்துக்கினு இருக்கான், வண்டிய காத்து இழுக்குதாம்" என்று முனகிவிட்டு அவரே இறக்கினார். இருபத்தைந்தாவது நிமிஷம் வேகத்தடை ஒன்றைப் பிரேக் தொடாமல் கடந்தேன். குழவி ஒரு சாண் எழும்பி அவர் மடியில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. திறமையில் வாயடைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் தோசைக்கல் மாதிரி சமமானது. மேடு என்று சொல்ல, எங்கள் பக்கத்தில் ஒரு குளக்கரை உண்டு. சாலை அதில் ஏறி மறுபக்கம் நேராகத் தெருவுக்குள் இறங்கும். இறக்கத்தின் முடிவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அங்கேதான் மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்க ஏற்பாடு. அப்பா மாலையோடு, அத்தை ஆரத்தித் தட்டோடு, நாகஸ்வரம், தவில், உறவுக் கூட்டம் எல்லாம் அங்கே நின்றிருந்தார்கள்.

என் திட்டம் பிரமாதமானது. குளக்கரை உச்சியில் இன்ஜினை அணைத்து, சத்தமே இல்லாமல் மிதந்து இறங்கி, பிரேக்கைத் தொடாமல் ஆரத்தித் தட்டுக்கு ஒரு முழம் முன்னால் நிற்க வேண்டும். உச்சியில் அணைத்தேன். அந்த நேரம் பார்த்து நாலு ஆடுகள் குறுக்கே வந்தன. மனசில்லாமல் பிரேக்கை இரண்டு தரம் தொட்டேன். ஆடுகள் போயின. கார் இறங்க ஆரம்பித்தது. கூட்டம் என்னைப் பார்த்துவிட்டது. நாகஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினார். நான் சாவியை உருவி, ஆள்காட்டி விரலில் மாட்டி, ஸ்டைலாக ஒரு சுற்று சுற்றினேன்.

டக்.

சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்பது கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக் பெடல் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் இளகிக் கொடுக்கும், அப்புறம் கல்லாகிவிடும் என்பதும் தெரியும். ஹைப்ரிட் காரில் அதற்கெல்லாம் தனி ஏற்பாடு உண்டு என்று அந்தக் கட்டுரையிலேயே போட்டிருந்தது. அந்த ஏற்பாடு என் காரில் இல்லையே என்று யோசிக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது. ஸ்டியரிங் நேராக அப்பாவைப் பார்த்துப் பூட்டியிருந்தது.

மிதித்தேன். பெடல் இறங்கவில்லை. கை பிரேக்கை இழுத்தேன், அது செத்த பாம்பு போல வந்தது.

"மாமா, நிக்கல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பெரியப்பா கத்தினார். "மிதிடா! மிதி!"

வெளியே கூட்டமும் கத்தியது. "மிதி! மிதி!"

"கியர்ல போடு மச்சான்! கியர போட்டுக் கிளட்ச்ச வுடு!" என்று பின்னாலிருந்து மாப்பிள்ளை முதல் முறையாகச் சத்தம் போட்டார். ஆனால் நானோ பயத்தில் ஒரு காலால் பிரேக்கையும் இன்னொரு காலால் கிளட்சையும் உயிர்போகிற மாதிரி மிதித்துக்கொண்டிருந்தேன். கிளட்சை விடு என்றால் விடுகிற நிலையில் அந்தக் கால் இல்லை. வேகம் குறைந்துகொண்டுதான் வந்தது. ஓட்டம், பெருநடை, நடை. ஆனால் நிற்கவில்லை. கூட்டம் விலகியது. அப்பா மட்டும் மாலையோடு அப்படியே நின்றார். பெற்ற பிள்ளை மோதமாட்டான் என்ற நம்பிக்கை.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிய மாப்பிள்ளை அம்மியை நெஞ்சோடு அணைத்தபடி காருக்கு முன்னால் நாலு எட்டு ஓடினார். குனிந்து, இடது முன்சக்கரத்துக்கு நேராக அதைப் போட்டார். சக்கரம் அம்மியில் முட்டியது, யோசித்தது, மேலே ஏறியது. ஏறியதோடு நின்றது. அப்பாவுக்கும் காருக்கும் நடுவில் ஒரு மாலை அகலம் இருந்தது. கீழே சைலன்ஸர் கழன்று தடால் என்று விழுந்தது. நாகஸ்வரம் நின்றது.

அத்தைக்கு என்ன தோன்றியதோ. ஆரத்தித் தட்டைக் காருக்கு மூன்று சுற்று சுற்றி, பழக்கதோஷத்தில் பானெட்டில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள்.

பெரியப்பா குழவியோடு இறங்கினார். அம்மியைப் பார்த்தார். மஞ்சள் பூசிய கல்லின்மேல் கறுப்பு டயர். கோயில் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்.

"இந்தக் கல்ல மொதல்ல எவ மிதிக்கிறாளோ அவதான் மருமவன்னு சொன்னேன். உன் காரு மிதிச்சிடுச்சு. ஆரத்தியும் எடுத்தாச்சு, பொட்டும் வெச்சாச்சு. அப்புறம் எங்க பையன் இன்னாத்துக்கு உள்ள வரணும்?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குப் பேசவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அப்பா மாலையோடு குனிந்து "அறியாத பையன்ங்க, மன்னிச்சுடுங்க" என்றார். எந்தக் காலத்திலும் எவர் முன்னாலும் குனியாத மனுஷர். நாலு வருஷ அலைச்சலை ஒரு சாவிச் சுழற்றலில் முடித்துவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது. "என் தப்புதாங்க, என்ன வேணாலும் கேளுங்க" என்றேன். காலில் விழுந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா இரு" என்று ஒரே வார்த்தையில் அடக்கினார்.

மண்டபம் பக்கத்தில்தான். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பாதி தலை பின்னியும் பின்னாமலும் அக்கா தெருவில் வந்து நின்றாள். மணப்பெண் வரக்கூடாது என்று நாலு பேர் தடுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. காரைப் பார்த்தாள். அம்மியைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"மாமா, நீங்க சொன்னது நியாயந்தான்" என்றாள் பெரியப்பாவிடம். "மொதல்ல மிதிச்சவதான் மருமவ. நான் இல்லன்னு சொல்லல. அவ மூத்தவளாவே இருக்கட்டும். நான் எளையவளா வரேன்."

பெரியப்பா நிமிர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. கட்டிக்குடுத்த பொண்ணப் பொறந்த வூட்டுலயே வுட்டுட்டுப் போறது முறையில்ல. நாளைக்கு என்னைக் கூப்டுகினு போறப்ப அவளையும் சேத்தே கூப்டுகினு போயிடுங்க."

பெரியப்பா அக்காவையே பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு மடியில் இருந்த குழவி. "மருமவன்னா இவதான்டா மருமவ!" என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். சாவிக்கு.

"அது என் காருங்க" என்றேன். நாகஸ்வரம் மறுபடி ஆரம்பித்துவிட்டதால் யாருக்கும் கேட்கவில்லை. (கேட்டது. கேட்காதது போல இருந்துவிட்டார்கள்.) அப்பாதான் என் விரலிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார். இவ்வளவு வேகமாக அவர் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

பெரியப்பா காரை ஒரு சுற்று சுற்றிவந்தார். டிக்கியைத் திறந்தார். "ஏம்பா, பொண்ணு வூட்டுக்காரங்களே, அஞ்சாவது சக்கரம் எங்க? சீரு இல்லாமலா அனுப்புவீங்க?" அன்று இரவே பரணில் ஏறி ஸ்டெப்னி, ஜாக்கி, விரிப்பு எல்லாவற்றையும் இறக்கினேன்.

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அம்மியை எவ்வளவு கழுவியும் டயர்த் தடம் போகவில்லை. ஐயர் "பொண்ணு காலைத் தூக்கி அம்மிமேல வைங்கோ" என்றபோது, பின்வரிசையிலிருந்து ஒரு குரல் "இன்ஜின அணைச்சிட்டு மிதிம்மா!" என்றது. மண்டபமே சிரித்தது. அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது சேகர் மாமா என்னைத் தனியாக அழைத்தார். "மச்சான், தப்பா நெனைக்காத. டிப்போல நான் பாக்குறது பிரேக் செக்‌ஷன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா!"

"மாப்ளன்னா வாயத் தொறக்கக் கூடாதுன்னு பெரியப்பா சொல்லியிருந்தாரு. அதுவும் இல்லாம, நீ அவ்ளோ ஆசையா சொல்லிக்கினு வந்த."

அக்காவையும் அவள் மூத்தாளையும் அழைத்துக்கொண்டு அவர் போனார். குளக்கரை இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துப் போனார். நான் ஒரகடத்துக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். எனக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார், மாப்பிள்ளை வண்டி ஓட்டி வரக்கூடாது என்று. தாலி கட்டி முடிந்து அம்மிக்கு அருகே குனிந்தபோது என் மனைவி என்னிடம் முதன்முதலாகப் பேசிய வார்த்தை, "இத வேற யாரும் மிதிக்கலியே?" என்பதுதான்.

தென்னேரியில் அந்தக் காரை யாரும் கார் என்று சொன்னதில்லை. 'மூத்தவ' என்றுதான் சொல்வார்கள். "மூத்தவளுக்கு ஆயில் மாத்தணும்." "மூத்தவ வெயில்ல நிக்கிறா." அக்கா மகள் பேச ஆரம்பித்ததும் அதைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். பத்து வருஷம் ஓடிக் களைத்து, ஒருநாள் அது பழைய இரும்புக்குப் போனது. அன்று காலை அக்கா தலைக்குக் குளித்துவிட்டு எனக்கு போன் போட்டாள்.

"மூத்தவ போயிட்டாடா. பொறந்த வூட்டுக் கோடி நீதான் போடணும். தூக்கறதுக்குள்ள வா."

செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி போடுவது முறை. முறையை நான் ஒருமுறை மீறிப் பட்டது போதும். லீவு போட்டு, கடையில் கார் துடைக்கிற மஞ்சள் துணி ஒன்று, புத்தம் புதுசு, வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். லாரியில் ஏற்றக் காத்திருந்த காரின் பானெட்டில் அதைப் பிரித்துப் போர்த்தினேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அக்கா துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சிபுரத்துலேர்ந்து கோடி எடுத்துக்கினு வர்றவன், ஒரு ஜரிகை கூடவாடா இல்ல?"